பாறை மேல் நின்று படமா?

குமரி மாவட்டத்தில் முட்டம் என்று ஒரு கடற்கரை ஊர். கரையில் பெரிய பெரிய பாறைகள். அலை வந்து மோதும், நுரை சிதறும். காமிராவும் கையுமாகப் பலர் அங்கே போகிறார்கள். போகட்டும். நல்ல ஆசைதான்.

ஆனால் பஸ் கணக்கும், சாப்பாட்டுக் கணக்கும் போடுகிறவர்கள், கடலின் கணக்கைப் பார்ப்பது இல்லை. அதுதான் தவறு.

அங்கே கடல் தினம் இரண்டு முறை ஏறும். இரண்டு முறை இறங்கும். அந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம்.

இன்னொன்று, "கள்ளக்கடல்." எங்கோ தெற்கே நடுக்கடலில் புயல் அடிக்கும். அந்த அலை சில நாள் கழித்து இங்கே வரும். கரையில் காற்றும் இராது, மழையும் இராது. கடல் மட்டும் திடீர் என்று பொங்கும்!

2024-ம் ஆண்டு மே 6-ந்தேதி, குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. பெற்றவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆகவே, புறப்படும் முன் கடல் எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். கரையில் உள்ள மீனவரைக் கேளுங்கள். "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால் திரும்பி விடுங்கள். ஈரப் பாறையில் ஏறாதீர்கள். அலை அங்கே வந்து போயிருக்கிறது என்பதற்கு அந்த ஈரமே சாட்சி. கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

எட்ட நின்று, மேட்டில் இருந்து எடுத்தாலும் படம் நன்றாகவே விழும்.

அலை நாளைக்கும் வரும். பார்க்க நாம் இருக்க வேண்டாமா?