பொம்மைத் துப்பாக்கிக்குக் கறுப்புச் சாயம் எதற்கு?

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி ‘நெர்ஃப்’ என்ற பெயரில் தயாரிக்கும் பொம்மைத் துப்பாக்கி, இப்போது நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது. ஸ்பிரிங் விசையில் நுரை அம்பு பாயும், பட்டாலும் வலிக்காது. மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள். நூறு அடி தூரத்தில் நிற்பவருக்கும் அது விளையாட்டுச் சாமான் என்று தெரிந்துவிடும்.

அந்த நிறத்தை மறைத்து, நிஜத் துப்பாக்கி போல ஆக்குவதைச் சிலர் பொழுதுபோக்காகவே கொண்டிருக்கிறார்கள். திருகுகளைக் கழற்றி, கம்பெனி எழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே கறுப்புப் பூசுகிறார்கள். பிறகு ஏறக்குறையக் காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளிச் சாயம் தொட்டு ஓரங்களில் லேசாக இழுக்கிறார்கள். பிளாஸ்டிக், பல காலம் புழங்கித் தேய்ந்த இரும்பாகத் தோன்றும். கைத்திறன் மெச்சத்தக்கதே. ஆனால் பொம்மை, பூசியவர் கையிலேயே இருந்துவிடுவதில்லையே!

2014 நவம்பர் 22-ம் தேதி, அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரப் பூங்காவில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் டாமிர் ரைஸ் ஒரு பொம்மைத் துப்பாக்கியுடன் விளையாடிக்கொண்டிருந்தான். நண்பனிடம் வாங்கி வந்தது அது. பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் குண்டு பாய்ந்தது. மறுநாள் சிறுவன் இறந்தான். ‘அநேகமாகப் பொம்மையாக இருக்கலாம்’ என்று போலீசுக்குப் போன் செய்தவரே சொல்லியிருந்தார். அந்தச் சொல் காரில் வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சுக் குறி வேண்டும் என்று அமெரிக்கா 1988-லேயே சட்டம் செய்திருந்தது. பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போய், பொம்மையை நிஜம் போல மாற்றுவதையே 2006-ம் ஆண்டுச் சட்டத்தில் குற்றமாக்கியது. நாடகம், சினிமா போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அது அந்த ஊர்க் கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 1971 ஜனவரியில் ஸ்ரீநகரில் இருந்து ஜம்மு புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது ஒரு பொம்மைத் துப்பாக்கியையும் மரக் கைக்குண்டையும் காட்டித்தான். 1978 டிசம்பரில் லக்னோ-டில்லி விமானத்தை வாரணாசிக்குத் திருப்பிய இருவர் கையிலும் இருந்தது விளையாட்டுத் துப்பாக்கியே. நிஜமா, பொம்மையா என்று சோதித்துப் பார்க்கும் நிலையில் விமானத்தில் இருந்தவர்கள் இல்லை. கூட்டம் நெரியும் ஸ்டேஷனில் நிற்கும் போலீஸ்காரருக்கும் அதே நிலைதான்.

நம் ஆயுதச் சட்டமும் போலித் துப்பாக்கியைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. அதைக் காட்டிக் கைதுக்குத் தடை செய்தால் 28-வது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை.

பிழைக்க வந்த ஊரில் நம்மவர் வீட்டுப் பொம்மை பல கை மாறும். அண்ணன் பையன் ஆடியது தம்பி பையனுக்கு வரும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ரயிலில் ஏறும். மொழி சரியாகத் தெரியாத சிறுவனை ஒரு காவலர் அதட்டி நிறுத்தினால், அவன் எந்தப் பாஷையில் விளக்கம் சொல்வான்?

சாயம் பூசும் ஆசை இருப்பவர்கள் பச்சையோ ஊதாவோ தாராளமாகப் பூசட்டும். ஆரஞ்சு முனையில் மட்டும் கை வைக்க வேண்டாம். தமிழ்ச் சங்க நாடகத்தில் இன்ஸ்பெக்டர் வேஷத்துக்குக் கறுப்புத் துப்பாக்கி தேவைதான். திரை விழுந்ததும் அதைச் சாமான் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மேடை ஓரத்தில் நிற்கும் பையன் கேட்டான் என்று கொடுத்தனுப்பக் கூடாது.