காரை நிறுத்த இடமில்லாவிட்டால் கடைத்தெரு கெட்டுவிடுமா?

“பாண்டி பஜாரை அழகுபடுத்துறேன்னு சொல்லிக் கெடுத்துட்டாங்க. வண்டி நிறுத்த இடமில்ல. யார் வருவா?”

சென்னையில் எந்தக் கல்யாணப் பந்தியில் தி.நகர் பேச்சு எழுந்தாலும் இது வந்து விழுந்துவிடும். சொன்னவரே தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய்விட்டு வந்து, “கூட்டத்துல கால் வைக்க முடியல” என்று அலுத்துக்கொள்வார். இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறோம் என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை.

பந்தியோடு போகும் பேச்சென்றால் விட்டுவிடலாம். ஆனால் வேறொரு கடைத்தெருவில் நடைபாதையை அகலப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், “பாண்டி பஜார் கதி தெரியுமில்ல?” என்று வாயை அடைக்கவும் இதுவே பயன்படுகிறது. அதனால் இந்த வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2015-ல் மத்திய அரசு அறிவித்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலிலேயே சென்னை இடம்பெற்றது. அதில் தி.நகர் தேர்வானது. சுமார் 40 கோடி ரூபாய் செலவில், பாண்டி பஜார் என்று நாம் சொல்லும் தியாகராய சாலையின் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டு, 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வாகனங்களுக்கு அங்கே தடை இல்லை, இன்றும் ஓடுகின்றன. சாலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது மட்டுமே மாறியது.

‘நடைபாதை வந்தது, வியாபாரம் விழுந்தது’

நாட்காட்டியைப் புரட்டினால் போதும். 2019 தீபாவளி அக்டோபர் 27-ல் முடிந்துவிட்டது. வளாகம் திறந்தது அதற்குப் பிறகுதான். நான்கு மாதம் சொச்சத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. வளாகம் கண்ட முதல் தீபாவளி 2020-ல், முகக்கவசத்தோடு. இரண்டாவது 2021-ல், பட்டாசுக் குப்பை அள்ளி முடிப்பதற்குள் பெருமழை பெய்து தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றது. அடுத்து, மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிக்காகப் பனகல் பூங்கா வட்டாரத்தில் தடுப்புகள் முளைத்தன. இதற்கிடையே கைப்பேசியில் துணி வாங்கும் பழக்கமும் வீடுவீடாக நுழைந்துவிட்டது.

இத்தனை அடியும் ஒரே தெருவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்க, வியாபாரம் குறைந்ததற்கு நடைபாதைக் கல்தான் காரணம் என்று எப்படிப் பிரித்தெடுத்தார்கள்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே பனைமரத்தையே புயல் உலுக்கிக்கொண்டிருந்தது. பழி மட்டும் காக்கைமேல்.

‘காரில் வருபவர்தான் காசு செலவழிப்பார்’

பாண்டி பஜாரை 700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் இடைவெளியே இல்லாமல் கார்களை வரிசையாக நிறுத்துவோம். ஒரு காருக்கு ஆறு மீட்டர் என்றால் மொத்தம் சுமார் 230 கார். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் நின்று, பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு சுற்று மாறினால் சுமார் 1,400 கார். காருக்கு மூன்று பேர் என்றாலும் நாள் முழுக்க 4,200 பேர்தான். ஒரு கடை வாசல்கூட விடாமல் காரால் அடைத்த பிறகு கிடைக்கும் உச்சவரம்பு இது. மாம்பலம் ரயில் நிலையத்தில் பண்டிகைக் காலத்து மாலையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இந்த எண்ணிக்கை எவ்வளவு சிறியது என்பதைக் கண்ணாலேயே மதிப்பிட்டுவிடலாம்.

கடைக்காரர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அவர்கள் கண்ணில் படுவது கார். இறங்கி வரும் குடும்பம் நினைவில் நிற்கும். பேருந்தில் வந்து ஜாக்கெட் துணியும் வளையலும் வாங்கிப்போகும் இருபது பெண்கள் நினைவில் நிற்கமாட்டார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. வாடிக்கையாளரில் 41 விழுக்காட்டினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். எண்ணிப் பார்த்ததில் 22 விழுக்காடுதான். கார் மலிந்த ஊரிலேயே மதிப்பீடு ஏறக்குறைய இரட்டிப்பாகப் பிசகியது என்றால், ரயிலும் பேருந்தும் ஆட்டோவும் கொண்டுவந்து கொட்டும் தி.நகரில் எவ்வளவு பிசகும்?

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1962-ல் ஸ்த்ரோயெட் என்ற கடைத்தெருவில் கார்களுக்குத் தடை விதித்தபோதும் வியாபாரிகள் இதே அச்சத்தைத்தான் சொன்னார்கள். அறுபது ஆண்டு கடந்தும் அந்தத் தெருவில் மக்கள் நடந்துதான் வாங்குகிறார்கள். அந்த நகரத்தின் பெயர்பெற்ற கடைத்தெரு இன்றும் அதுதான்.

‘நிறைய பார்க்கிங் கட்டினால் சரியாகிவிடும்’

அதையும் கட்டிப் பார்த்தாயிற்று. தணிகாசலம் சாலையில் 222 கார், 513 இருசக்கர வாகனங்கள் நிற்கும் அடுக்குமாடி வாகன நிறுத்தம் எழுந்தது. அதற்கும் செலவு சுமார் 40 கோடி. வகுத்துப் பாருங்கள்: ஸ்கூட்டரையும் சேர்த்து, வண்டி ஒன்றுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் பொதுப்பணம்! கிட்டத்தட்ட அதே தொகையில்தான் தெரு முழுக்க நடப்பவர்களுக்கு இடம் கிடைத்தது. பணம் வீண் என்று பேசுகிறவர்கள் எந்த நாற்பது கோடியைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்று. பக்கத்துச் சந்தில் ஓசியில் நிறுத்த முடியும் என்றால், காசு கொடுத்து மாடிக்கு யார் ஏற்றுவார்? சந்தில் கட்டணமும் அபராதமும் இல்லாதவரை எத்தனை மாடி கட்டினாலும் தெரு காலியாகாது.

‘தி.நகரை வளர்த்தது தனியார். அரசு ஒதுங்கி நின்றால் போதும்’

பாதி உண்மை. ஒற்றைக் கடையாகத் தொடங்கி மாடிமேல் மாடி எழுப்பிய வியாபாரிகளின் உழைப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கடை நிற்கும் மனை எப்படி வந்தது? 1920-களில் மாம்பலத்தின் பெரிய ஏரிப்படுகையைத் தூர்த்து, மனை பிரித்து, பூங்காவும் அகலச் சாலைகளும் போட்டுத் தியாகராய நகரை உருவாக்கியது அரசுதான். பொது முதலீடு முன்னே போனது, தனியார் முதலீடு பின்னே வந்தது.

பொதுக்கை தளர்ந்தபோது என்ன ஆனது என்பதற்கு அதே தி.நகரின் ரங்கநாதன் தெரு சாட்சி. தனியார் பணம் அங்கே கொட்டிக் கிடந்தது. விதி மீறிக் கட்டடங்கள் உயர்ந்தன. தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை. 2011 அக்டோபர் கடைசியில் அந்தத் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்பட்டு, நீதிமன்றத்தின் தயவில் பொங்கலுக்கு முன் திறக்கப்பட்டதை வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். விதியை உரிய நேரத்தில் காட்டாத அரசால் அதிகம் அலைக்கழிந்தவர்கள் அவர்களேதான்.

‘சாலையோர வியாபாரிகளை அகற்றினால் தெரு தானாகத் தேறும்’

இதுவும் செய்து பார்த்ததுதான். 2013-ல் பாண்டி பஜாரின் சாலையோர வியாபாரிகள் அறுநூறு பேருக்கு மேல் மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். கொண்டை ஊசியும் பொட்டும் வாங்க மாடி ஏறுவார் உண்டா? போகிற போக்கில் கண்ணில் பட்டுக் கைக்கு வரும் சரக்கு அது. வழியிலிருந்து தூக்கினால் வியாபாரம் செத்துப்போகும். பட்டுப்புடவை வாங்க வந்தவர் அதற்குப் பொருத்தமான வளையலையும் பூவையும் தெருவிலேயே வாங்கியதால்தான் பாண்டி பஜார் பாண்டி பஜாராக இருந்தது. பெரிய கடைக்கும் தரைக்கடைக்கும் இடையே இருந்தது போட்டியல்ல, கொடுக்கல் வாங்கல்.

2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய சாலையோர வியாபாரிகள் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கணக்கெடுத்து, சான்று கொடுத்து, இடம் குறித்துத் தர வேண்டும். அகலமான நடைபாதையில் நடக்கவும் இடம் விட்டு, வியாபாரத்துக்கும் கோடு போட்டுக் கொடுக்க முடியும். குறுகிய நடைபாதையில்தான் இரண்டும் மோதிக்கொள்ளும்.

அவர்கள் சரியாகச் சொல்வது

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொன்னால் நானும் பந்திப் பேச்சுக்காரன் ஆகிவிடுவேன். முட்டிவலிக்காரர்களைக் கடை வாசலில் இறக்கிவிட வழி வேண்டும். சரக்கு வண்டி வந்து இறக்கிப்போக நேரம் ஒதுக்க வேண்டும். மேலே கல்லைப் பளபளப்பாகப் பதித்துவிட்டுக் கீழே வடிகாலைக் கவனிக்காவிட்டால் என்னவாகும் என்பதை 2021 மழை காட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கல் உடைந்தால், விளக்கு எரியாவிட்டால், நடைபாதையில் பைக் ஏறினால் யாரைக் கேட்பது? திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பராமரிப்புக்கு வருவதில்லை.

இந்த இடத்தில்தான் தனியாரின் பங்கு தேவை. கனடாவின் டொரண்டோவில் புளூர் தெருக் கடைக்காரர்கள், சுரங்க ரயிலும் பெருவணிக வளாகங்களும் தங்கள் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் தாங்களே ஒரு யோசனை கொண்டுவந்தார்கள்: எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கடைகளிடமும் கூடுதல் வரி வசூலித்து, அதை அந்தத் தெருவுக்கே செலவிடுவது. 1970-ல் சட்டப்படி அது நடைமுறைக்கு வந்தது. பிறகு உலகமெங்கும் பரவிய முறைக்கு அதுதான் முதல் விதை. தெருவைப் போட்டுக் கொடுப்பது அரசின் வேலை. தெருவைக் காப்பது இருவரின் வேலை.

தி.நகர் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வாளர் யாரும் வேண்டாம். ஒரே ஒரு வாரம், பில் போடும் இடத்தில் ஒரு நோட்டு வையுங்கள். பணம் செலுத்தும் ஒவ்வொருவரிடமும் “எதுல வந்தீங்க?” என்று மட்டும் கேட்டு, பில் தொகைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ரயில், பேருந்து, ஆட்டோ, பைக், கார், நடை என ஆறு பத்தி போதும். வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். கார் பத்தி ஜெயித்தால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடலாம். இல்லையென்றால், அடுத்த முறை நடைபாதைக்கு எதிராக மனு எழுதும்போது உங்கள் கல்லாவை நிரப்புகிறவர்களுக்கு எதிராகத்தான் எழுதுகிறீர்கள் என்று அந்த நோட்டே சொல்லும்.