வடிகால் துவாரமும் வீண் விரயமும்

சிங்கப்பூரின் காத்தோங்கில், செண்பக விநாயகர் ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில், இன்னும் பல்லாண்டு உழைக்கவல்ல ஒரு குளிர்சாதனப் பெட்டி, உள்ளே நீர் தேங்குகிறது என்ற ஒரே காரணத்தால் அகற்றப்படுமானால், அது தவிர்க்கத்தக்க விரயம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தையும் தாண்டி நிற்கும் இந்நகரில், கதவைத் திறக்குந்தோறும் உட்புகும் காற்றின் நீராவி, குளிர்ச்சுருளில் உறைபனியாகப் படிந்து, பின்னர் தானியங்கிப் பனிநீக்க அமைப்பின் வெப்பத்தால் உருகி, ஒரு சிறு துவாரத்தின் வழியே பின்புறத் தட்டில் இறங்கி, கம்ப்ரஸரின் சூட்டில் ஆவியாகிவிட வேண்டும். அத்துவாரத்தைக் கறிவேப்பிலைத் துணுக்கோ பனிக்கட்டியோ அடைத்துக்கொண்டால், நீர் காய்கறித் தட்டுக்கடியில் தேங்குவது இயற்கையே. மின்னிணைப்பைத் துண்டித்து, பனி தானே உருகும்வரை பொறுத்து, வெதுவெதுப்பான நீரை ஊசியற்ற சிரிஞ்சினால் மெல்லச் செலுத்தினால் பெரும்பாலும் அடைப்பு நீங்கும். கத்தியால் பனியைப் பெயர்ப்பது மட்டும் கூடவே கூடாது. குழாய் துளைபட்டால் உள்ளிருக்கும் குளிரூட்டி கசியும்; அநேகப் புதிய பெட்டிகளில் குளிரூட்டியாக ஓடும் ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றும் வாயு. கதவின் ரப்பர் தளர்ந்தாலும் ஈரக்காற்று உட்புகும்; கதவிடுக்கில் வைத்து மூடிய காகிதம் தடையின்றி உருவி வந்தால், அந்த ரப்பரை மாற்ற வேண்டும்.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. 2021 ஜூலை முதல், புதிய பெட்டியைக் கொணரும் விற்பனையாளர் பழையதை இலவசமாக எடுத்துச்செல்லக் கடமைப்பட்டவர். வரவேற்கத்தக்க ஏற்பாடே, ஆயினும் அகற்றுவதற்கு அளித்த சௌகரியத்தைப் பழுதுபார்ப்பதற்கும் அளித்து, உதிரிப்பாகங்கள் நியாயமான விலையில் நெடுங்காலம் கிடைக்கும்படி உற்பத்தியாளரையும் சட்டம் கடமைப்படுத்த வேண்டும்.