நூறு விழுக்காடு! யாருடைய நூறு?

தேர்வு முடிவு வெளிவந்ததும் மதுரை மாநகரம் இன்னுமொரு திருவிழாக் கோலம் பூணுகிறது. வீதிதோறும் பலகைகள் எழுகின்றன, "நூறு விழுக்காடு தேர்ச்சி!" என்று முழங்குகின்றன. அவற்றின் கீழே நிற்கிறார் ஒரு தந்தை. நெல் விற்ற பணம் மடியிலே. பிள்ளையின் எதிர்காலம் நெஞ்சிலே. அண்ணாந்து பார்க்கிறார்; அருகிலுள்ள அரசுப் பள்ளியை மறக்கிறார்; கடன் கொடுப்பாரைத் தேடிப் புறப்படுகிறார்.

அவரை நாம் ஏளனம் செய்யோம். அவருடைய ஆசை நியாயமானது. அவர் கையிலே தரப்படும் அளவுகோல்தான் அநியாயமானது!

சோதிடன் பலித்ததைப் பறைசாற்றுவான், பலிக்காததை மறைப்பான். அவனுடைய கணக்கைத்தான் இந்தப் பலகையும் போடுகிறது. தேறியவர் தொகையைச் சொல்கிறது. சேர்ந்தவர் தொகையைச் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் 100 பேர். மெலிந்த மாணவர் 20 பேரிடம் மாற்றுச் சான்றிதழ் நீட்டப்படுகிறது. எஞ்சிய 80 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதி, அனைவரும் தேறுகின்றனர். நூறு விழுக்காடு! மற்றொரு பள்ளியிலும் 100 பேர். ஒருவரையும் விரட்டவில்லை, 90 பேர் தேறுகின்றனர். பலகை முதற்பள்ளியைப் புகழ்கிறது. பகுத்தறிவு என்ன சொல்லும்? 90 பெரிதா, 80 பெரிதா?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. பிள்ளையை வெளியேற்றுவதையும் தடுக்கிறது. ஆனால் அந்தக் காவல் எட்டாம் வகுப்போடு முடிகிறது. கழித்துவிடும் கைங்கரியம் ஒன்பதிலே தொடங்குகிறது!

2025ஆம் ஆண்டு மேல்நிலைத் தேர்வில் தனியார் பள்ளிகளின் தேர்ச்சி 98.88 விழுக்காடு, அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.94. இடைவெளி ஏழுக்கும் குறைவு. வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைபாடினியார் என்று சங்கப் பெண்பாற் புலவர் பெயர் தாங்கிய மாநகராட்சிப் பள்ளிகளிலும், உசிலம்பட்டி வட்டாரத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளிலும் அமர்ந்திருப்போர் யார்? கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்திலே முதன்முதலாகப் பள்ளிப் படி ஏறியவர்கள். அவர்கள் பெற்ற 91இன் எடையை அறியாதவர் கல்வியையே அறியாதவர்.

அதற்காக, அரசுப் பள்ளியென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்துவோமா? மாட்டோம்! கணக்கு ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் கேட்போம். ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தால் கேட்போம். மெலிந்த மாணவனைத் தேர்வுக்கு வராமல் தடுக்கும் தந்திரம் அங்கே நடந்தாலும், அதே குரலில் கண்டிப்போம்.

1953இல் குலக்கல்வித் திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றது. எதிர்ப்பிலே 1954இல் அது மடிந்தது. அன்று பிறப்பைக் காட்டித் தடுத்தனர். இன்று விழுக்காட்டைக் காட்டித் தடுக்கின்றனர்.

பெற்றோரே! நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியவர் எத்தனை பேர்? ஒவ்வொரு பாடத்திலும் சராசரி மதிப்பெண் என்ன? இடைநின்ற பிள்ளைகள் எங்கே? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலி உங்களுடையது, அமருங்கள்!

கொடிக்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளரவேண்டுமென்று, ஆயி என்ற பூரணம் அம்மாள் 2024 தொடக்கத்தில் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அளித்தார். அவர் நிலம் தந்தார். நாம் ஒரு கேள்வியேனும் தரக்கூடாதா?