வார்டுக்கு மாத்தியாச்சு... அப்புறம்?

“ஐ.சி.யூ.ல இருந்து வார்டுக்கு மாத்திட்டாங்க.” போனில் இந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், பேரிகையில் காத்திருக்கும் மொத்த உறவும் மூச்சு விடும். குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த காசு நினைவுக்கு வரும். கண்டம் தாண்டியாச்சு, இனி கவலை இல்லை என்று பேச்சு முடிந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ மட்டும்தான், இன்னும் எதுவும் முடியவில்லை என்பது தெரியும்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஐ.சி.யூ. தூரத்து விஷயம் இல்லை. ஓசூர் சிப்காட் ஷிப்டுக்கு விடியற்காலையில் பறக்கும் பைக்குகள், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் லாரிகள், தக்காளித் தோட்டத்தில் பாம்பு என்று எத்தனையோ வழி இருக்கிறது அங்கே போய்ச் சேர. சிலர் ஓசூரில் சேர்கிறார்கள். சிலர் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். தலையில் அடி என்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு நிமான்ஸ்.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் வந்தது. எத்தனையோ உயிர்களுக்கு அது பெரிய துணை. அந்த 48 மணி நேரம் கடந்து, வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்து வந்தவரின் 48-வது நாளை யார் பார்ப்பது என்ற கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, “நல்லா சாப்பிடு, தெம்பு வந்துடும்” என்பார்கள் உறவினர்கள். வெறும் சாப்பாட்டில் வந்துவிடும் தெம்பு இல்லை அது. லண்டன் மருத்துவமனைகளில் செய்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐ.சி.யூ.வில் கிடந்தவர்களின் தொடைத் தசை முதல் 10 நாளிலேயே ஆறில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தது. நரம்பும் சேர்ந்து பலவீனமாகும். அதனால்தான் மூட்டை தூக்கிய ஆள், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் சுவரைப் பிடிக்கிறார். அவரைச் சோம்பேறி என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

மூளைக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகர மருத்துவர்கள் 821 ஐ.சி.யூ. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்து நினைவையும் கவனத்தையும் சோதித்தபோது, பத்தில் நான்கு பேரின் மதிப்பெண், தலையில் ஓரளவு பலத்த அடிபட்டவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. இத்தனைக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் தலையில் அடிபட்டவர்களே இல்லை. காய்ச்சல், நுரையீரல் கோளாறு, ரத்தத்தில் கிருமி என்று படுத்தவர்கள். ஓ.டி.பி. நாலு எண்ணைப் படித்துவிட்டு டைப் பண்ணுவதற்குள் மறந்துபோகிறது, ரேஷன் கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறார் என்றால் அது நடிப்பு இல்லை.

உடம்பு, மூளை, மனசு மூன்றிலும் மிச்சமிருக்கும் இந்தத் தொல்லைகளுக்கு, 2010-ல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள் ‘போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்’ என்று ஒரே பெயராக வைத்தார்கள். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பெயர் வந்த பிறகுதான் பல டாக்டர்களே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில், ஐ.சி.யூ.விலிருந்து போனவர்களில் இப்படிப்பட்ட சிக்கல் வரக்கூடியவர்களை இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டும் என்று 2009-லேயே அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது.

இதில் யாரும் வெளியே சொல்லாதது, கெட்ட கனவு. “நர்ஸ் எல்லாம் சேர்ந்து என்னைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்த்தாங்க”, “சுவத்துல இருந்து பாம்பு இறங்கிச்சு” என்று வீட்டுக்கு வந்தபிறகும் சிலர் நடுங்குவார்கள். காய்ச்சலும் கிருமியும் மயக்க மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்து மூளை குழம்பிய நேரத்தில் பதிந்த காட்சிகள் அவை. டியூபைப் பிடுங்கிவிடாமல் இருக்க கையை நிஜமாகவே கட்டியிருப்பார்கள். அது கனவில் கொலை முயற்சியாக மாறிவிடுகிறது. ‘காத்து கருப்பு’ என்று தாயத்துக் கட்ட ஓடும் வீடுகளும் உண்டு. சாமி கும்பிடுவதில் தவறில்லை. அதோடு, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லவும் வேண்டும்.

அதற்கு ஒரு எளிய வழி ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தது. டைரி! நோயாளி மயக்கத்தில் கிடக்கும் நாட்களில் நர்ஸும் குடும்பத்தாரும் தினமும் நாலு வரி எழுதுவார்கள். இன்று டியூப் போட்டார்கள், இன்று மகள் வந்து கூப்பிட்டாள், இன்று கண் திறந்தீர்கள் என்று. பிறகு அதை அவரிடமே தருவார்கள். ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வில் மன அதிர்ச்சி குறைந்ததாக 2010-ல் தெரிந்தது. பிரான்சில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம்தானே! ஐ.சி.யூ. வாசலில் பெஞ்சில் காத்திருக்கும் நேரத்தில் போனில் பேசி வைத்தால்கூடப் போதும்.

டிஸ்சார்ஜ் அன்று எல்லோர் கவனமும் பில் கவுன்டரில் இருக்கும். அந்த அவசரத்திலும் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, எது எத்தனை நாள், எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. ஐ.சி.யூ.வில் தூக்கத்துக்கும் குழப்பத்துக்கும் தொடங்கிய மாத்திரை, யாரும் நிறுத்தச் சொல்லாததால் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது உலகம் முழுக்க நடக்கிறது. அதற்காக நீங்களாகவும் நிறுத்தக்கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி இங்கிலீஷில் இருக்கும். டாக்டர் கன்னடத்தில் சொல்லியிருப்பார். வீட்டில் பேச்சு தெலுங்கு. எழுதப் படிக்கத் தமிழ். பேரிகை மாதிரி ஊரில் இது தினசரிச் சிக்கல். ஒரு நர்ஸையோ, படிக்கும் பிள்ளையையோ வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேளுங்கள்.

தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று மாதத்தில் அப்படி வருவது வழக்கம், திரும்ப முளைக்கும். ஆனால் மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி, கரகரவென்று சத்தம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். டியூப் இருந்த இடத்தில் மூச்சுக்குழாய் தழும்பாகிச் சுருங்குவது, வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக்கூட நடக்கும். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் அடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மூச்சுத் திணறலே வந்துவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறுவதும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

இதற்கெல்லாம் வாராவாரம் பெங்களூரு போக முடியுமா? வண்டி வாடகையே ஒரு வாரக் கூலியைத் தின்றுவிடும். இங்கேதான் பக்கத்திலேயே இருக்கும் ஒரு வழி நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தது, பேரிகை இருக்கும் இதே சூளகிரி ஒன்றியத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் என்றுதான் ஊரில் பேச்சு. அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும், படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் நர்ஸும் வீட்டுக்கு வருவதும் அடக்கம். ஐ.சி.யூ.விலிருந்து வந்தவருக்கு முதலில் தேவைப்படுவதே இந்த இரண்டு பேரும்தான்: காலை மடக்கி நீட்டச் சொல்லித்தர ஒருவர், முதுகில் படுக்கைப்புண் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க ஒருவர்.

சிக்கல் எங்கே என்றால், அத்திப்பள்ளியைத் தாண்டி ஆம்புலன்ஸ் வருகிறது, தகவல் வருவதில்லை. கர்நாடகத்தில் டிஸ்சார்ஜ் ஆனவர் வீட்டில் படுத்திருக்கிறார் என்பது இங்குள்ள சுகாதாரத் தன்னார்வலருக்கு, நீங்கள் சொன்னால்தான் தெரியும். சம்மரியின் நகலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், “பிசியோ வேணும், வீட்டுக்கு வந்து பார்க்கணும்” என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இரண்டு அரசுகளும் தாங்களே இதைப் பேசி ஒரு ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. நோயாளி எல்லைக்கோடு பார்த்து விழுவதில்லையே!

வேலைக்குத் திரும்புவது அடுத்த கவலை. டொரன்டோவில் கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்தவர்களைத் தொடர்ந்தபோது, ஓராண்டு கழித்தும் பாதிப் பேர்தான் வேலைக்குப் போயிருந்தார்கள். பிரஸ் மெஷினில் கை வைத்து வேலை செய்பவர், கவனம் ஒரு நொடி தவறினால் விரலை இழப்பார். லோன் தவணைக்குப் பயந்து இரண்டாவது மாதமே நைட் ஷிப்டுக்கு அனுப்பும் முன் ஈ.எஸ்.ஐ. கார்டை எடுத்துப் பாருங்கள். சாதாரண நோய் என்றால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் பட்ட காயமென்றால், வேலை செய்ய முடியாத காலம் முழுக்க 90 சதவீதம். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், பணியோடு தொடர்பு இருப்பது உறுதியானால், இதில் சேரும். அந்த ஷிப்ட் பைக் விபத்தை வெறும் சாலை விபத்தாக மட்டும் எழுதி விட்டுவிடும் குடும்பங்கள் இழப்பது கொஞ்சநஞ்சம் இல்லை.

இவ்வளவையும் தூக்கிச் சுமப்பது பெரும்பாலும் வீட்டில் ஒரு பெண். ராத்திரி அவர் அலறும்போது எழுவது, காலையில் டிபன் கட்டுவது, பி.எச்.சி.க்கு அலைவது, கடன்காரருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள்தான். குடும்பத்தாருக்கு வரும் இந்தப் பாதிப்பையும் மருத்துவர்கள் தனியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். தூக்கம் போய், காரணமில்லாமல் அழுகை வந்தால் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசகர்கள் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசுவார்கள். தமிழில் பேசலாம், தெலுங்கிலும் கன்னடத்திலும்கூடப் பேசலாம்.