பேரெண்ணும் சரிபார்க்கும் பழக்கமும்

பேரெண்களைப் பற்றிய பாடம் பள்ளிகளில் பெரும்பாலும் வாசிப்பதோடும் எழுதுவதோடும் முடிந்துவிடுகிறது. 4,29,49,67,297 என்பதை ‘429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297’ என்று மாணவன் பிழையின்றிப் படித்துவிட்டால் போதும் என்று கருதப்படுகிறது. ஓர் எண்ணைப் படிக்க அறிவது வேறு; அதன் இயல்பை அறிவது வேறு.

இவ்வெண்ணின் வரலாறு ஆசிரியர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா, 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு 1-ஐக் கூட்டி, 3, 5, 17, 257, 65,537 என்னும் எண்களைப் பெற்றார். ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் அடுத்து வருவன யாவும் பகா எண்களாகவே இருக்கும் என்று அவர் 1640-இல் கருதினார். ஆனால், அதனை நிறுவிக் காட்ட அவரால் இயலவில்லை. மேற்கூறிய பேரெண்ணே அவ்வரிசையில் ஆறாவது. 1732-இல் ஆய்லர் என்னும் அறிஞர் அது 641-ஆல் மீதியின்றி வகுபடுவதைக் காட்டினார், ஈவு 67,00,417. பெர்மாவின் கருத்து அன்றோடு வீழ்ந்தது. 

நிற்க. 2-இல் தொடங்கிப் பகா எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பவர், 115 முறை தோற்ற பின்னரே 641-ஐ அடைவர். ஆனால், இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதனை 64-ஆல் வகுக்க 1 மீதியாதல் வேண்டும் என்பது ஆய்லர் நிறுவிய விதி. அவ்விதிப்படி சோதிக்கத்தக்கவை 193, 257, 449, 577, 641 என்பனவே. ஐந்தாம் வகுத்தலில் விடை கிட்டிவிடுகிறது.

கணிப்பொறி நொடியில் விடை கூறும் இக்காலத்தில் இவ்வுழைப்பு எதற்கு என்று சிலர் வினவலாம். பொறி விடையைத் தரும். எதனைச் சோதிக்கவேண்டும், ஏன் சோதிக்கவேண்டும் என்னும் தெளிவு மாணவனிடத்திலேயே வளர வேண்டும்.

களப்பணியாளருக்கும் இது பொருந்தும். அச்சிட்ட அட்டவணையில் உள்ளது என்பதாலோ, மேலிடத்திலிருந்து வந்தது என்பதாலோ ஒரு தொகை சரியாகிவிடாது. மேற்கண்ட பெருக்கலையே ஒன்பதால் சோதித்துப் பார்க்கலாம். 641-இன் இலக்கங்களை ஓரிலக்கமாகும்வரை கூட்டினால் 2, 67,00,417-க்கு 7. இவற்றின் பெருக்கம் 14. அதன் இலக்கங்களைக் கூட்ட 5. பேரெண்ணின் இலக்கங்களும் 59, 14, 5 என முடிகின்றன. எனினும், இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருப்பின் இச்சோதனை அதனைக் காட்டாது. ஆதலால் ஒரு சோதனையின் பயனோடு அதன் எல்லையையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மாணவரை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஐந்து வகுத்தல்களையும் அவர்கள் கையாலேயே செய்விக்க ஒரு பாடவேளை போதும். பெர்மாவைப் போன்ற மேதையின் கூற்றையும் சோதித்துப் பார்க்கலாம் என்னும் துணிவு அவர்களுக்கு அதனால் உண்டாகும்.