நம் பகுதியின் நல்ல பீட்சா எங்கே இருக்கிறது?

இடமாற்றலாகிப் புதிய ஊருக்குக் குடிபுகும் குடும்பங்களில், பால் வாங்கும் இடமும் பள்ளிப் பேருந்து நிற்கும் இடமும் தெரிந்துகொண்டபின் பிள்ளைகள் எழுப்பும் அடுத்த வினா இதுவாகவே இருக்கிறது: "இங்கே நல்ல பீட்சா எங்கே கிடைக்கும்?" விடை தேடப் பெற்றோர் கைப்பேசிச் செயலியைத் திறக்கின்றனர். பட்டியலின் உச்சியில் இருக்கும் கடையைத் தேர்ந்து பணம் செலுத்துகின்றனர். இரண்டே நிமிடங்களில் தேடல் முடிந்துவிடுகிறது. இவ்வழி எளியது என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வழியில் நல்ல பீட்சா அகப்படுவது அரிது என்பதும், நம் தெருவிலேயே அடுப்பு மூட்டி உழைப்பவர் நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறார் என்பதும் என் கருத்து.

பீட்சா நம் நாட்டுக்கு நேற்று வந்த பண்டமன்று. தலைநகர் டெல்லியில் 1970-களிலேயே நிருலாஸ் உணவகம் அதைப் பரிமாறியது. 1996-ஆம் ஆண்டில் டொமினோஸ் டெல்லியிலும் பீட்சா ஹட் பெங்களூரிலும் தத்தம் முதல் இந்தியக் கடைகளைத் திறந்தன. அதன்பின் பீட்சா என்றால் சங்கிலிக் கடை என்றே ஒரு தலைமுறை எண்ணத் தொடங்கியது. எனினும் அதற்குப் பக்கத்திலேயே வேறொரு மரபும் வளர்ந்து வந்திருக்கிறது. ஆமதாபாத்தில் வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமண பீட்சா உண்டு. சூடான பீட்சாவின்மேல் துருவிய சீஸை உருக்காமல் குவித்துத் தருவதும் அங்குள்ள வழக்கம். தர்மசாலாவுக்கு மேலுள்ள மலைச்சிற்றூர்களிலும் கோவாவின் கடலோரத்திலும் விறகடுப்பு பீட்சாக் கடைகள் உண்டு. சிறு நகரங்களின் அடுமனைகளோ ஆயத்த வட்ட ரொட்டியின்மேல் குடைமிளகாயும் வெங்காயமும் பரப்பித் தவாவில் சுட்டுத் தருகின்றன. இவற்றுள் எது சிறந்தது என்பதை நாட்டுக்கெல்லாம் பொதுவான ஒரு பட்டியல் சொல்லிவிட முடியாது.

நட்சத்திரங்கள் சொல்லாதவை

கணக்கியல் பயின்றவர் எவரும் ஒரு சராசரியைக் கண்டவுடன், அது எத்தனை பேரின் சராசரி என்று கேட்பர். நாற்பது பேர் சேர்ந்து தந்த 4.6 மதிப்பெண்ணும் நாலாயிரம் பேர் தந்த 4.2 மதிப்பெண்ணும் ஒரே தராசில் நிற்பவையல்ல. மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவருமே பெரும்பாலும் மதிப்பெண் இடுகின்றனர். நிறைவுடன் உண்டு எழுந்தவர் பேசாமல் போய்விடுகிறார். மேலும், பட்டியலின் முதலிடங்களுள் சில விளம்பரக் கட்டணத்தால் பெறப்பட்டவை. உணவு தாமதமாக வந்தால், அதற்குக் காரணம் சாலை நெரிசலேயானாலும், மதிப்பெண் குறைவது சமைத்தவருக்கே.

இவை அனைத்தினும் முதன்மையான குறை ஒன்றுண்டு. அட்டைப்பெட்டியில் மூடப்பட்ட பீட்சா தன் ஆவியிலேயே நனைகிறது. அடுப்பிலிருந்து எடுத்தபோது மொறுமொறுப்பாக இருந்த அடிப்பகுதி, இருபது நிமிடப் பயணத்தில் துவண்டுவிடுகிறது. ஆகவே செயலி வழியாக வரும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி, சுட்ட பீட்சாவுக்குரியதன்று. பயணம் செய்த பீட்சாவுக்குரியது. நல்ல அடுப்புள்ள சிறு கடையே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகிறது. பயணத்தைத் தாங்கும் வகையில் மாவையும் சீஸையும் அமைத்துக்கொண்ட பெருநிறுவனம் தப்பித்துக்கொள்கிறது.

கடையை எடைபோடும் முறை

எனவே முதல் விதி, கடைக்கு நடந்து சென்று அங்கேயே உண்பது. இரண்டாம் விதி, பட்டியலில் உள்ளவற்றுள் மிக எளியதைக் கேட்பது. தக்காளி, சீஸ், துளசியினத்தைச் சேர்ந்த பேசில் இலை ஆகியவை மட்டும் கொண்ட மார்கரீட்டாவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. பன்னீரும் சோளமும் காரக் குழம்பும் குவிந்த பீட்சாவில் மாவின் குறையைக் காரம் மூடிவிடும்.

மூன்றாவதாக, மாவு எப்போது பிசையப்பட்டது என்று கேளுங்கள். மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் என நான்கே பொருள்கள்தாம். வேறுபாட்டை உண்டாக்குவது காலம். குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாளேனும் மெல்லப் புளித்த மாவுக்கு மணமும் மென்மையும் கூடும். அவசரமாகப் பொங்கவைத்த மாவு ரொட்டிபோல் சுவையற்றிருக்கும். ஒரு துண்டைத் தூக்கி அடிப்பகுதியையும் பாருங்கள். ஆங்காங்கே கருமை படர்ந்த பொன்னிறம் இருந்தால் அடுப்பில் போதிய வெப்பம் இருந்தது என்று பொருள். வெளிறியிருந்தால் இல்லை.

பீட்சாவின் தாயகமான நேப்பிள்ஸ் நகரத்து முறைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் வழங்கிய பதிவின்படி, அடுப்பின் தளம் ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். பீட்சா 60 முதல் 90 வினாடிகளுக்குள் வெந்துவிட வேண்டும். அந்நகரத்து பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நம் தெருவின் மின்னடுப்பு அந்த வெப்பத்தை எட்டாது. எட்ட வேண்டும் என்பதுமில்லை. இருக்கும் வெப்பத்துக்கேற்ப மாவை அமைத்துக்கொண்ட கடைக்காரரே தம் தொழிலை அறிந்தவர்.

நான்காவதாக, சீஸ். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் கொண்டு செய்யப்படும் போலிப் பண்டம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. அதைச் சீஸ் என்ற பெயரில் விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. எந்தச் சீஸைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. உறையையே எடுத்துக் காட்டும் கடைக்காரரை நம்பலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிமம் அல்லது பதிவு எண் கடையில் காணப்படுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்குலக் கணக்கு

பீட்சாவின் விலையை விட்டத்தைக் கொண்டு ஒப்பிடுவது தவறு. நாம் உண்பது பரப்பளவை. 7 அங்குல பீட்சாவின் பரப்பு ஏறத்தாழ 38 சதுர அங்குலம். 10 அங்குலத்துக்கு 78. 12 அங்குலத்துக்கு 113. விட்டம் மூன்று அங்குலம் கூடியதும் உணவு இருமடங்காகிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 7 அங்குலம் 200 ரூபாய்க்கும் 10 அங்குலம் 350 ரூபாய்க்கும் விற்கப்பட்டால், சிறியதில் சதுர அங்குலத்துக்கு 5 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பெரியதில் நாலரை ரூபாய்க்குள் அடங்குகிறது. இரண்டு சிறியவற்றை வாங்குவதைவிட ஒரு நடுத்தர அளவை வாங்கிப் பகிர்வதே சிக்கனம். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற அறிவிப்பையும் இந்தக் கணக்கில் இட்டுப் பார்த்தபின்னரே ஏற்க வேண்டும்.

சிறு கடையின் வரவுசெலவு

பெரிய சங்கிலிக் கடைகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எந்த ஊரிலும் ஒரே சுவை, ஒரே தூய்மை, பல்லாயிரம் இளைஞருக்கு வேலை என அவற்றின் பயன்கள் மெய்யானவை. இரவுப் பயணத்தில் களைத்து வந்த குடும்பத்துக்கு அறிமுகமான பெயர்ப்பலகை ஆறுதலே. ஆனால் ஒரே சுவையை உறுதிசெய்வதற்காக உருவான அமைப்பு, நம் பகுதிக்கென ஒரு சுவையை உருவாக்க முடியாது. அதனைச் செய்யக்கூடியவர் நேற்றைய பீட்சாவில் உப்பு மிகுந்தது என்று நாம் சொன்னதை நினைவில் வைத்து, இன்று திருத்திக்கொள்ளும் தனிமனிதர்தாம்.

அவருடைய நிலையை வங்கியாளர் கணக்கேடுகளின் வழியே அறிவர். அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கடை முன்பணம் என முதலீடு தொடக்கத்திலேயே தேவைப்படுகிறது. 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கிய முத்ரா திட்டம் இத்தகையோருக்குப் பிணையின்றிக் கடன் பெற வழி செய்தது. 50,000 ரூபாய் வரையிலான சிசு, 5 இலட்சம் வரையிலான கிஷோர், 10 இலட்சம் வரையிலான தருண் என்பன தொடங்கியபோது அதன் படிநிலைகளாக இருந்தன. கடன் கிடைத்துவிடலாம், விற்பனையைக் கடன் தராது. செயலி வழியாக வரும் விற்பனையில் தரகும் தள்ளுபடியின் பங்கும் கழிந்த பின்னரே தொகை வந்து சேர்கிறது. நாம் நேரில் சென்று யு.பி.ஐ. வழியாக வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தும் தொகையோ கழிவின்றி அப்போதே அவர் கணக்கில் சேர்கிறது. அந்த வரவுகளே அவரது வணிகத்தின் சான்றாகி, அடுத்த கடன் விண்ணப்பத்தின்போது துணை நிற்கின்றன.

ஆகவே வாசகர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஒரு மாதத்துக்கு, வாரம் ஒரு கடை வீதம், நடந்து செல்லும் தொலைவிலுள்ள நான்கு கடைகளுக்குக் குடும்பத்துடன் செல்லுங்கள். நான்கிலும் மார்கரீட்டாவையே கேளுங்கள். மாவு, அடிப்பகுதி, சீஸ், விலை என நான்கு தலைப்புகளில் பிள்ளைகளையே மதிப்பெண் இடச் சொல்லுங்கள். குறையைக் கடைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். நிறையை அண்டை வீட்டாரிடம் சொல்லுங்கள். நம் பகுதியில் நல்ல பீட்சா இல்லை என்று சொல்லும் உரிமை, அதைத் தேடி நடந்தவருக்கே உண்டு.